தோள்பட்டை எம்.ஆர்.ஐ.: ரொட்டேட்டர் கஃப் கிழிசலைப் படிப்பதும் அறிக்கை எழுதுவதும்

கதிரியக்கப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்தவர் தோள்பட்டை எம்.ஆர்.ஐ. படத்தைத் திறந்ததும் தேடுவது ஒன்றைத்தான்: ரொட்டேட்டர் கஃப்பில், அதாவது தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களில், ஏதாவது தசைநாண் கிழிந்திருக்கிறதா? அந்தப் படத்தை எடுக்கச் சொன்ன எலும்பியல் அறுவை மருத்துவருக்கு இதைவிட அதிகம் தெரிய வேண்டும். எந்தத் தசைநாண், எவ்வளவு கிழிந்திருக்கிறது, கிழிந்த முனை எதுவரை உள்ளே போயிருக்கிறது, அந்த நாணை இழுக்க வேண்டிய தசை இன்னும் தசையாக இருக்கிறதா என்பதையெல்லாம் வைத்தே, தைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பார். “கிழிசல் உள்ளது” என்று மட்டும் சொல்லும் அறிக்கை, அவர் நோயாளியின் கையைத் தூக்கிப் பார்த்தே ஊகித்துவிட்டதை மறுபடியும் சொல்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வரிசை முழுவதும் அவருடைய முடிவை மனத்தில் வைத்து அமைந்தது.

படத்துக்கு முன்பு

முதலில் பரிந்துரைச் சீட்டைப் படியுங்கள். வயது, விழுந்து அடிபட்டதா, வலி எத்தனை நாளாக, கை பலவீனமாக இருக்கிறதா அல்லது இறுகிப்போயிருக்கிறதா, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா என்பவை தெரிய வேண்டும். சீட்டில் “தோள்வலி” என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால் தொலைபேசியை எடுத்துக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வயது ஏன் முக்கியம்? 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதத்தினருக்குக் கிழிசல் இருந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் அது 54 சதவீதம். வலியே இல்லாதவர்களுக்கு! ஆகவே எழுபது வயதுக்காரரின் படத்தில் சிறு கிழிசல் தெரிந்தால், அவருடைய வலிக்கு அதுதான் காரணம் என்று அறிக்கையில் அடித்துச் சொல்லாதீர்கள். இருப்பதை அளந்து எழுதுங்கள்; வலியோடு முடிச்சுப் போடுவது நோயாளியைப் பரிசோதித்தவரின் வேலை.

எக்ஸ்ரே இருந்தால் அதையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். தசைநாணில் படியும் சுண்ணாம்பு எம்.ஆர்.ஐ.யில் எல்லா சீக்வென்ஸிலும் (படம் எடுக்கும் எல்லா முறையிலும்) கருப்பாகவே இருக்கும். தசைநாணும் இயல்பில் கருப்புதான். கருப்பில் கருப்பைத் தேடித் தவிப்பதைவிட எக்ஸ்ரேயில் ஒரு நொடி பார்ப்பது மேல். அக்ரோமியனுக்கும் (தோளின் உச்சியில் கூரைபோல நீளும் எலும்புப் பகுதி) மேற்கை எலும்பின் தலைக்கும் இடையிலான இடைவெளி எக்ஸ்ரேயில் 7 மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்திருந்தால், பெரிய, பழைய கிழிசல் ஒன்று காத்திருக்கிறது என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

எந்தத் தளத்தில் எதைப் பார்ப்பது

வழக்கமான தோள் எம்.ஆர்.ஐ.யில் மூன்று தளங்கள் இருக்கும். தோளின் மேல்பக்கத் தசையான சுப்ராஸ்பினேட்டஸின் நாணின் நீளவாக்கில் சாய்த்து எடுக்கப்படும் கரோனல், அதற்குச் செங்குத்தான சஜிட்டல், பிறகு உடலைக் குறுக்காக வெட்டிக் காட்டும் ஆக்ஸியல். கொழுப்பை அடக்கிய டி2 அல்லது புரோட்டான் அடர்த்திப் படங்களில் திரவம் வெள்ளையாகத் தெரியும். கிழிசலைத் தேடுவது அவற்றில். கொழுப்பை அடக்காத டி1 சஜிட்டல், தசையின் நிலையைப் பார்ப்பதற்கு. இந்தக் கடைசி சீக்வென்ஸைப் பலர் கடைசியாகத் திறக்கிறார்கள், சிலர் திறப்பதேயில்லை. அதன் கதையைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

படத்தின் தரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கை உட்பக்கமாகத் திரும்பிய நிலையில் படம் எடுத்திருந்தால், கரோனல் படங்களில் சுப்ராஸ்பினேட்டஸும் அதற்குப் பின்னால் இருக்கும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இல்லாத கோளாறு ஒன்று இருப்பது போலத் தோன்றும். ஆக்ஸியல் படத்தில் பைசெப்ஸ் நாண் (மேற்கையின் முன்பக்கத் தசையுடையது) ஓடும் எலும்புப் பள்ளம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பார்த்தால் கையின் நிலை தெரிந்துவிடும். பள்ளம் முன்னோக்கி இருந்தால் நல்லது. நோயாளி அசைந்ததால் படம் கலங்கியிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

உடற்கூறு: ஒட்டுமிடத்தில் நேரம் செலவிடுங்கள்

நான்கு தசைகள். முன்னால் சப்ஸ்கேபுலாரிஸ், மேலே சுப்ராஸ்பினேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பினேட்டஸ், அதற்குக் கீழே டெரிஸ் மைனர். சப்ஸ்கேபுலாரிஸ் மேற்கை எலும்பின் சிறிய புடைப்பில் ஒட்டுகிறது. மற்ற மூன்றும் பெரிய புடைப்பில். இது பாடப்புத்தகம்.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, சுப்ராஸ்பினேட்டஸும் இன்ஃப்ராஸ்பினேட்டஸும் ஒட்டுமிடத்தில் எவ்வளவு பின்னிப் பிணைந்து கிடக்கின்றன என்பது. பெரிய புடைப்பின் மேல்முகம் முழுவதும் சுப்ராஸ்பினேட்டஸுக்குச் சொந்தம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2008இல் வெளிவந்த உடற்கூறு ஆய்வு, இன்ஃப்ராஸ்பினேட்டஸ் முன்பக்கமாக வளைந்து வந்து அந்த மேல்முகத்தின் கணிசமான பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டியது. சுப்ராஸ்பினேட்டஸ் ஒட்டும் இடம் நினைத்ததைவிடச் சிறியது, இன்னும் முன்னால் இருப்பது. எனவே “சுப்ராஸ்பினேட்டஸ் கிழிசல்” என்று நாம் எழுதும் பலவற்றில் இன்ஃப்ராஸ்பினேட்டஸுக்கும் பங்கு உண்டு. இரண்டின் எல்லையை மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்கப் போராடுவதைவிட, கிழிசல் பைசெப்ஸ் நாணுக்குப் பின்னால் எத்தனை மில்லிமீட்டரில் தொடங்கி எதுவரை போகிறது என்று எழுதுவது பயனுள்ளது.

இன்னொன்று கேபிள். தசைநாணின் அடிப்பக்கத்தில், ஒட்டுமிடத்துக்குச் சற்று உள்ளே, இழைகளுக்குக் குறுக்காக ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. சுமையை முன்பின் இரு முனைகளுக்கும் கடத்துவது இதன் வேலை. இந்தப் பட்டைக்கு வெளிப்புறத்தில் இருக்கும் மெல்லிய பிறைப் பகுதி கிழிந்தாலும் கை ஓரளவு இயங்கும். கேபிளின் முன்முனை பிடுங்கிக்கொண்டால் நிலைமை வேறு. ஆகவே பைசெப்ஸுக்கு உடனே பின்னால் இருக்கும் அந்த முன்விளிம்பு தப்பியிருக்கிறதா என்பது ஒரு தனிக் கேள்வி. அறிக்கையில் அதற்குத் தனி வாக்கியம் தேவை.

கரோனலில் நடை, சஜிட்டலில் சரிபார்ப்பு

கொழுப்பை அடக்கிய டி2 கரோனலைத் திறந்து, முன்னாலிருந்து பின்னால் போங்கள். பைசெப்ஸ் நாண் பள்ளத்திலிருந்து மேலேறும் ஸ்லைஸ்தான் (அடுக்கடுக்கான படங்களில் ஒன்று) தொடக்கம். அதற்கு அடுத்த ஸ்லைஸில் சுப்ராஸ்பினேட்டஸின் முன்விளிம்பு வரும். அங்கிருந்து ஒவ்வொரு ஸ்லைஸிலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: மூட்டை நோக்கிய அடிப்பரப்பு, பர்ஸாவை (நாணுக்கு மேலே இருக்கும் மெல்லிய திரவப் பை) நோக்கிய மேற்பரப்பு, எலும்பில் ஒட்டும் இடம். நாண் தட்டையாக, தொடர்ச்சியாக, கருப்பாக எலும்பு வரை வந்து சேர வேண்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஸ்லைஸ் தடிமன் பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீட்டர். சிறிய கிழிசல் ஒன்றிரண்டு ஸ்லைஸில் மட்டும் முகம் காட்டிவிட்டுப் போய்விடும். முன்விளிம்பில்தான் எல்லாக் கிழிசலும் தொடங்கும் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். தேய்மானத்தால் வரும் கிழிசல்கள் பைசெப்ஸுக்குச் சுமார் 15 மில்லிமீட்டர் பின்னால் தொடங்குவது அதிகம் என்று 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முன்விளிம்பைப் பார்த்துத் திருப்தியடைந்து பின்னால் உள்ளதை ஓட்டிவிடுகிறவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான்.

கரோனலில் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் சஜிட்டலில் தேடுங்கள். இரண்டு தளத்திலும் தெரிந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் எதனால் மற்றதில் தெரியவில்லை என்று யோசியுங்கள். முன்விளிம்புக் கிழிசல்கள் கரோனலில் பாதி ஸ்லைஸுக்குள் மறைந்து, சஜிட்டலில் பளிச்சென்று தெரிவதுண்டு.

இப்போது நிறத்தைப் பற்றி. நாணுக்குள் சாம்பல் நிறம், சற்றே தடித்த உருவம்: அது தேய்மானம், டெண்டினோசிஸ். மூட்டுத் திரவத்துக்கு இணையான வெள்ளை: அது கிழிசல். இந்த இரண்டுக்கும் நடுவில் வரும் நிறங்கள்தான் புதியவர்களை வாட்டி எடுக்கும். ஒரு வழி உண்டு. அதே படத்தில் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் வெண்மையைப் பாருங்கள். நாணுக்குள் இருப்பது அதை எட்டுகிறதா என்று ஒப்பிடுங்கள். எட்டவில்லை என்றால் கிழிசல் என்ற சொல்லைக் கையில் எடுக்கத் தயங்குங்கள். விதிவிலக்கு பழைய கிழிசல். அங்கே இடைவெளியைத் தழும்புத் திசு நிரப்பிவிடுவதால் வெண்மை குறைந்திருக்கும். நாண் மெலிந்திருப்பதும், முனை பின்வாங்கியிருப்பதும், தசையில் கொழுப்பு ஏறியிருப்பதும் அப்போது காட்டிக்கொடுக்கும்.

மாயக் கோணமும் மற்ற ஏமாற்றுகளும்

தசைநாணின் இழைகள் முதன்மைக் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 பாகை சாய்வில் இருக்கும்போது, நல்ல நாணும் சாம்பலாக ஒளிரும். இதற்கு மாயக் கோண விளைவு என்று பெயர். சுப்ராஸ்பினேட்டஸ் எலும்பின் தலைமேல் வளைந்து இறங்கும் இடம், அதாவது ஒட்டுமிடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே, சரியாக அந்தச் சாய்வில்தான் அமைந்திருக்கிறது. தேய்மானமும் கிழிசலும் விரும்பும் இடமும் அதை ஒட்டியே இருப்பதுதான் வேடிக்கை.

எக்கோ நேரம் (அலையை அனுப்பியபின் சிக்னலைப் பிடிக்கும் வரையிலான நேரம்) குறைவான டி1, புரோட்டான் அடர்த்தி, கிரேடியன்ட் எக்கோ படங்களில் இந்த ஒளிர்வு வரும். எக்கோ நேரம் நீண்ட டி2 படத்தில் மறைந்துவிடும். ஆகவே புரோட்டான் அடர்த்திப் படத்தில் சாம்பல் தெரிந்தால், அதே இடத்தை டி2 படத்தில் பாருங்கள். அங்கே கருப்பாகவும், நாணின் தடிமன் மாறாமலும், மேற்பரப்பு வழவழப்பாகவும் இருந்தால் விட்டுவிடலாம்.

பர்ஸாவில் திரவம் இருப்பது கிழிசலுக்குத் துணைச்சான்று. அது மட்டுமே இருந்தால் பர்ஸா அழற்சி என்பதற்கு மேல் போகாதீர்கள். பெரிய புடைப்பின் முன்பகுதியில் தெரியும் சிறு நீர்க்கட்டிகள் கிழிசலோடு சேர்ந்து வருவது வழக்கம். பின்பகுதியில், குருத்தெலும்பு மூடாத இடத்தில் இருப்பவை பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாதவை. இதற்கு மாறாக, தசைக்குள் நீளவாக்கில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தால் நின்று பாருங்கள். நாணின் அடுக்குகளுக்கிடையே பிளந்த ஒரு கிழிசல் வழியாகத் திரவம் கசிந்து அங்கே தேங்கியிருக்கக்கூடும். அந்தக் கிழிசலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இளம் வயதினர் விழுந்தபின் கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தால், நாணைப் பார்ப்பதற்கு முன் எலும்பைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத பெரிய புடைப்பு முறிவு, அச்சு அசலாக ரொட்டேட்டர் கஃப் கிழிசலைப் போலவே நடிக்கும். டி1 படத்தில் ஒரு கருப்புக் கோடும், கொழுப்பை அடக்கிய படத்தில் அதைச் சுற்றிய வெண்மையும் அதைக் காட்டும்.

கிழிசலுக்குப் பெயரிடுதல்

பகுதித்தடிமன் கிழிசல், முழுத்தடிமன் கிழிசல் என்று முதலில் பிரியுங்கள். அடிப்பரப்பிலிருந்து மேற்பரப்பு வரை, மூட்டுக்கும் பர்ஸாவுக்கும் வழி திறந்திருந்தால் முழுத்தடிமன். ஊசிமுனை அளவு துளையானாலும் அது முழுத்தடிமன்தான். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நாண் முழுவதும் அறுந்திருந்தால் அது முழு அகலக் கிழிசல். இந்த இரண்டையும் குழப்பினால் விளைவு பெரிது: 5 மில்லிமீட்டர் துளையைப் பற்றி எழுதியதைப் படித்து, நாணே அறுந்துவிட்டதாக நோயாளி கலங்குவார்.

பகுதித்தடிமன் கிழிசல் மூன்று வகை: மூட்டுப்பக்கம், பர்ஸாபக்கம், இரண்டு பரப்பையும் தொடாமல் உள்ளுக்குள்ளேயே இருப்பது. ஆழத்தை எல்மன் 1990இல் வகுத்த முறையில் சொல்வது வழக்கம். 3 மில்லிமீட்டருக்குக் குறைவு முதல் நிலை, 3 முதல் 6 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. நாணின் இயல்பான தடிமன் 10 முதல் 12 மில்லிமீட்டர் என்று வைத்தால், மூன்றாம் நிலை பாதிக்கு மேல் என்றாகிறது. பாதிக்கு மேலா கீழா என்பது சிகிச்சை முடிவில் எடை பெறுவதால், அதை விழுங்காமல் எழுதுங்கள். ஆனால் மேலும் இறங்கி “37 சதவீதம்” என்றெல்லாம் எழுதுவது போலித் துல்லியம். ஒரே படத்தை இரண்டு அனுபவசாலிகள் பார்த்தாலே பகுதித்தடிமன் ஆழத்தில் கருத்து வேறுபடும்.

பகுதித்தடிமன் கிழிசலைப் பிடிப்பதில் சாதாரண எம்.ஆர்.ஐ.யின் திறமை, முழுத்தடிமன் கிழிசலில் இருக்கும் அளவுக்கு இல்லை. மூட்டுக்குள் நீர்த்த கடோலினியம் என்ற, படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஆர்த்ரோகிராம், அதிலும் கையை விரித்து வெளிப்பக்கம் திருப்பித் தலைக்குப் பின்னால் வைத்த நிலையில் எடுக்கும் படம், மூட்டுப்பக்கக் கிழிசலைத் திறந்து காட்டும். பர்ஸாபக்கக் கிழிசலுக்கு அது உதவாது; செலுத்திய மருந்து அங்கே போய்ச் சேராது.

அளப்பது

முழுத்தடிமன் கிழிசல் என்றால் இரண்டு அளவு வேண்டும். முன்பின் அகலத்தை சஜிட்டலில் அளங்கள். உள்நோக்கிய விலகலை, அதாவது ஒட்டுமிடத்திலிருந்து கிழிந்த முனை வரை உள்ள தூரத்தை, கரோனலில் அளங்கள். விலகல் எந்த ஸ்லைஸில் மிக அதிகமோ அந்த ஸ்லைஸில். மேலடுக்கும் கீழடுக்கும் வெவ்வேறு தூரம் பின்வாங்கியிருந்தால், அடுக்குப்பிளவு என்று குறிப்பிட்டு இரண்டு அளவையும் கொடுங்கள். தைக்கிறவருக்கு இது நேரடியாகப் பயன்படும்.

முன்பின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்குள் சிறிய கிழிசல், 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, 5க்கு மேல் மிகப் பெரியது என்ற பிரிவு 1984 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாண்கள் முழுவதும் அறுந்திருந்தால் அதை மிகப் பெரியது என்று கொள்வோரும் உண்டு. எந்த முறை என்று சொல்லாமல் அடைமொழியை மட்டும் எழுதினால் படிப்பவர் அவர் விரும்பிய பொருளை எடுத்துக்கொள்வார். எண்ணை எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை.

விலகலுக்குப் பாட்டே வகைப்பாடு எளிது. முனை ஒட்டுமிடத்தின் அருகில் இருந்தால் நிலை 1, எலும்புத் தலையின் உச்சி மட்டத்தில் இருந்தால் 2, கிளினாய்டு குழியின் (தோள்பட்டை எலும்பின் மூட்டுக்குழி) மட்டத்தில் இருந்தால் 3. மில்லிமீட்டர் அளவோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். 30 மில்லிமீட்டர் விலகல் சிறிய உடலில் ஒரு பொருள், பெரிய உடலில் வேறொரு பொருள்.

சப்ஸ்கேபுலாரிஸ்: மறக்கப்படும் நாண்

கரோனலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் இருக்கும் இந்த நாண் அகப்படாது. ஆக்ஸியலிலும் சஜிட்டலிலும் இதற்கென்று ஒரு தனிச் சுற்று போங்கள். கிழிசல் பெரும்பாலும் மேல்விளிம்பில், மூட்டுப்பக்கத்தில் தொடங்கும். ஆக்ஸியலின் மேல் ஸ்லைஸ்களில் நாண் சிறிய புடைப்பைத் தொடுகிறதா, அல்லது இடையில் திரவம் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். சஜிட்டலில் இந்த நாணின் கீற்றுகளுக்கிடையே கொழுப்பு தெரிவது இயல்பு. அதைக் கிழிசல் என்று எண்ண வேண்டாம்.

பைசெப்ஸ் இங்கே நல்ல துப்பு கொடுக்கும். நாண் பள்ளத்தை விட்டு உட்பக்கம் நகர்ந்திருந்தால், அதைப் பிடித்துவைக்கும் கட்டமைப்போடு சப்ஸ்கேபுலாரிஸின் மேல்பகுதியும் பழுதாகியிருக்கும் என்றே எதிர்பார்த்துத் தேடுங்கள். பள்ளம் காலியாக இருந்தால் இரண்டு வழி: நாண் நகர்ந்திருக்கிறது, அல்லது அறுந்து கீழே இறங்கிவிட்டது. ஸ்லைஸ்களில் மேலும் கீழும் தொடர்ந்து போனால் எது என்று தெரிந்துவிடும். சப்ஸ்கேபுலாரிஸ் கிழிசலை அறிக்கையில் விட்டுவிட்டால், அறுவை அரங்கில் மருத்துவர் எதிர்பாராத ஒன்றை எதிர்கொள்வார். அதற்கான தயாரிப்பு அவரிடம் இருக்காது.

தசை: டி1 சஜிட்டல்

நான் முன்பே சொன்ன சீக்வென்ஸ் இதுதான். அறிக்கையின் பாதி மதிப்பு இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாண் அறுந்தபின் வேலையற்றுப்போன தசை சுருங்குகிறது; அதனுள் கொழுப்பு ஏறுகிறது. சுருக்கம் ஓரளவு மீளலாம். கொழுப்பு ஏறியது பெரும்பாலும் மீளாது. நாணை நன்றாகத் தைத்தாலும் தசை முன்போல இழுக்காது, தைத்த இடம் மறுபடியும் கிழியும் வாய்ப்பும் கூடும்.

டி1 சஜிட்டலில் உட்பக்கமாகப் போய், தோள்பட்டை எலும்பின் முள்மேடு எலும்பின் உடற்பகுதியோடு சேரும் மிக வெளிப்புற ஸ்லைஸில் நில்லுங்கள். எலும்பு ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போலத் தெரியும். படம் அதுவரை உள்ளே எடுக்கப்படாமல் இருந்தால், அதை அறிக்கையில் சொல்லிவிட்டு இருப்பதை வைத்து மதிப்பிடுங்கள்.

கூட்டாலியே 1994இல் சி.டி. ஸ்கேனுக்காக வகுத்த அளவுகோலை எம்.ஆர்.ஐ.க்கும் பயன்படுத்துகிறோம். கொழுப்பே இல்லை என்றால் 0. சில கீற்றுகள் மட்டும் என்றால் 1. கொழுப்பு இருக்கிறது, ஆனால் தசை அதிகம் என்றால் 2. இரண்டும் சமம் என்றால் 3. கொழுப்பே அதிகம் என்றால் 4. நான்கு தசைக்கும் தனித்தனியாக எண் கொடுங்கள். 1க்கும் 2க்கும் இடையே தடுமாறுவது எல்லோருக்கும் நேர்வது. 2க்கும் 3க்கும் இடையே தடுமாறும்போது மட்டும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பதால் பலன் இருக்குமா என்ற கேள்வி அந்த எல்லையைச் சுற்றியே எழுகிறது.

சுருக்கத்துக்கு ஒரு கோடு போதும். அதே ஸ்லைஸில் முள்மேட்டின் மேல்விளிம்பையும் கோரகாய்டின் (தோள்பட்டை எலும்பில் முன்னோக்கி நீளும் கொக்கி போன்ற பகுதி) மேல்விளிம்பையும் கோட்டால் இணையுங்கள். இயல்பான சுப்ராஸ்பினேட்டஸ் அந்தக் கோட்டுக்கு மேலே எழுந்து நிற்கும்; சுருங்கியது கோட்டுக்குக் கீழே அடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: நாண் வெகுதூரம் பின்வாங்கியிருந்தால் தசையின் பருத்த பகுதியும் உள்ளே போய்விடும். அதனால் இந்த ஸ்லைஸில் தசை உள்ளதைவிட மெலிந்ததாகத் தெரியும். இன்னும் இரண்டு மூன்று ஸ்லைஸ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாண் நன்றாக இருந்து தசை மட்டும் கெட்டிருந்தால் நரம்பை நினையுங்கள். இன்ஃப்ராஸ்பினேட்டஸ் மட்டும் என்றால், கிளினாய்டின் பின்புறம் முள்மேட்டை ஒட்டிய பள்ளத்தில் நரம்பை அழுத்தும் கட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். சுப்ராஸ்பினேட்டஸும் சேர்ந்திருந்தால் பாதிப்பு நரம்புப் பாதையில் இன்னும் மேலே இருக்கும். டெரிஸ் மைனர் மட்டும் என்றால் அக்குள் நரம்பு.

இதற்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டு: பெரிய கிழிசல், சமீபத்தில் பட்ட அடி, தசையில் கொழுப்பே இல்லை, தசைக்குள் நீர்க்கோர்வை. இது புதிய கிழிசல். காலம் கடத்தினால் முனை பின்வாங்கும், தசை கெடும். இப்படிப்பட்ட படத்தைப் பார்த்தால் அறிக்கை வரிசையில் நின்று போகட்டும் என்று விடாமல் மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள்.

மீதியை விரைவாக

அக்ரோமியனின் வடிவத்தை பிக்லியானி வகைப்படி (தட்டை, வளைவு, கொக்கி) ஒரு வரியில் எழுதலாம்; அதற்குமேல் அதில் நேரம் போக்க வேண்டியதில்லை. அக்ரோமியனின் முனை ஒட்டாமல் தனி எலும்பாக இருக்கிறதா என்பதை ஆக்ஸியலின் மேல் ஸ்லைஸ்களில் கட்டாயம் பாருங்கள்; அறுவைத் திட்டத்தை அது மாற்றும். அக்ரோமியனும் காறை எலும்பும் சேரும் மூட்டின் தேய்மானம், கிளினாய்டைச் சுற்றிய விளிம்பு, குருத்தெலும்பு ஆகியவற்றைக் கடந்துபோகும்போது கவனியுங்கள். அக்குள் பக்கத்து மூட்டுறை தடித்து வெளுத்திருந்தால் உறைதோள் இருக்கலாம். கிழிசலைத் தேடும் அவசரத்தில் வலியின் உண்மையான காரணமான இதை விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

அறிக்கை

புதியவர்கள் எழுதும் முடிவுரை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் சிக்னல் மாற்றமும் கிழிசலும் காணப்படுகின்றன. பர்ஸாவில் திரவம். மருத்துவப் பரிசோதனையுடன் ஒப்பிடவும்.”

பொய் எதுவும் இல்லை. பயனும் இல்லை. அதே படத்துக்கு இப்படி எழுதலாம்:

“1. சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணில் முழுத்தடிமன் கிழிசல். பைசெப்ஸுக்குப் பின்னால் 4 மி.மீ. தொலைவில் தொடங்குகிறது; முன்விளிம்பு தப்பியுள்ளது. முன்பின் அகலம் 18 மி.மீ., உள்நோக்கிய விலகல் 21 மி.மீ., பாட்டே நிலை 2. அடுக்குப்பிளவு இல்லை.
2. சுப்ராஸ்பினேட்டஸ் தசையில் கூட்டாலியே நிலை 1 கொழுப்பு, சுருக்கம் இல்லை. மற்ற மூன்று தசைகளும் இயல்பு.
3. சப்ஸ்கேபுலாரிஸ் தசைநாணும் பைசெப்ஸ் நீள்தலையும் இயல்பு. பைசெப்ஸ் பள்ளத்தில் உள்ளது.
4. அக்ரோமியன்–காறை எலும்பு மூட்டில் மிதமான தேய்மானம்.”

இரண்டாவதைப் படிக்கும் அறுவை மருத்துவர் படத்தைத் திறக்காமலேயே திட்டத்தைத் தொடங்கலாம். இயல்பானவற்றையும் பெயர் சொல்லி எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சப்ஸ்கேபுலாரிஸைப் பற்றி ஒன்றுமே இல்லாத அறிக்கையைப் படிப்பவருக்கு, அது நன்றாக இருக்கிறதா அல்லது யாரும் பார்க்கவில்லையா என்று தெரிய வழியில்லை.

சந்தேகச் சொற்களை அளந்து செலவிடுங்கள். “இருக்கலாம்”, “போலத் தெரிகிறது”, “மறுக்க இயலாது” ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எழுதியவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று பொருள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் எதனால் என்று சொல்லுங்கள்: “நோயாளி அசைந்ததால் முன்விளிம்பைத் தெளிவாக மதிப்பிட முடியவில்லை.” அடுத்து என்ன செய்தால் தெளியும் என்பதையும், உதாரணமாக அல்ட்ராசவுண்டோ ஆர்த்ரோகிராமோ உதவும் என்றால், சேர்த்துவிடுங்கள். முடிவுரையில் இருக்கும் எதுவும் விவரப் பகுதியில் இருக்க வேண்டும். இடம் வலம் மாறவில்லை என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தவரின் படத்துக்கு இந்த அளவுகோல்கள் அப்படியே பொருந்தாது. தைத்த நாண் மாதக்கணக்கில் சாம்பலாகவும் சீரற்றும் இருக்கும். திரவம் நிரம்பிய தெளிவான இடைவெளி தெரிந்தால்தான் மறுகிழிசல் என்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இந்தப் படங்களை மூத்தவரோடு உட்கார்ந்தே படியுங்கள்.

பழகுவதற்கு நான் சொல்லும் முறை ஒன்றே. மூத்தவரின் அறிக்கையைத் திறக்காமல், மேலே உள்ள வரிசையில் உங்கள் முடிவுரையை எழுதிவையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். நோயாளிக்கு ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே மூட்டுக்குள் கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை) நடந்திருந்தால் அந்த அறுவைக் குறிப்பையும் தேடி எடுங்கள். வேறுபாடு எங்கே என்று பாருங்கள்: பகுதித்தடிமனின் ஆழத்திலா, சப்ஸ்கேபுலாரிஸின் மேல்விளிம்பிலா, அளவிலா? அளவில் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் கவலை வேண்டாம். அறுவை மருத்துவர் நைந்த விளிம்புகளைச் சீவி எடுத்தபின் அளந்திருந்தால் அவருடைய எண் உங்களுடையதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும்.